கிணறு கூப்பிட்டால் யார் எழுந்திருப்பது?

அதிகாலை மணி 2.40. தீபாவளிக்கு மறுநாள். ஈப்போ, புந்தோங்கில் உள்ள அம்மாவின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். தலையணைக்கு அடியில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ஓர் எண்ணெய்க் கிணற்றின் எண். பக்கத்தில் சிவப்புப் புள்ளி. 'வாயு அளவு குறைந்துள்ளது.' நான்கு நிமிடம் கழித்து இன்னொரு செய்தி: 'இயல்பு நிலை.' சிறிது நேரத்தில் மறுபடியும் சிவப்பு.

அன்று காலையிலிருந்து அப்படி எத்தனை செய்திகள் வந்தன என்று நான் எண்ணவில்லை. ஐம்பதுக்கு மேல் இருக்கும். குழுவின் ஒலியை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்த எச்சரிக்கையை எழுதி வைத்தவளே நான்தான்.

நான் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருக்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைக் கண்காணிக்கும் பொறியாளர். "கடலுக்குப் போகாமல் கிணற்றை எப்படிம்மா பார்ப்பீங்க?" என்று உறவினர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லவும், நான் செய்த தவற்றையும் அதில் கற்றதையும் பகிர்ந்துகொள்ளவும்தான் இந்தக் கட்டுரை.

எண்ணெய் இல்லாத மாநிலத்திலிருந்து

எங்கள் பேராக்கில் எண்ணெய் எடுக்கும் கிணறு ஒன்றும் கிடையாது. எங்களுக்கு ஈயமும் ரப்பரும்தான். 1877-இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்னமும் அங்கே நிற்கிறது. அந்த மரத்தின் வம்சம்தான் என் பாட்டனையும் பாட்டியையும் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது என்று அம்மா சொல்வார்.

ஆனாலும் எண்ணெய்த் தொழில் எங்களுக்கு அந்நியமில்லை. லுமுட் கரையில் கடல்மேடைகளைக் கட்டும் பட்டறை இருக்கிறது. துரோனோவுக்குப் பக்கத்தில், பழைய ஈயக் குட்டைகளுக்கு நடுவே, ஸ்ரீ இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1997-இலிருந்து இயங்குகிறது. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைகள் சிலர் அந்த வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போனார்கள்.

மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு சரவாக்கின் மீரி நகரில், கனடா குன்றின் மேல் 1910-இல் தோண்டப்பட்டது. 'கிராண்ட் ஓல்டு லேடி' என்று அதற்குச் செல்லப் பெயர். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 83 பீப்பாய் தந்தது. ஒரு பீப்பாய் என்பது ஏறக்குறைய 159 லிட்டர். 1972-இல் ஓய்வு பெற்றது. அந்தக் காலத்துக் கிணற்றுக்கு எச்சரிக்கை மணி என்று தனியாக ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. பக்கத்திலேயே ஆள் நிற்பான். சத்தம் மாறினால் அவன் காதுக்குத் தெரியும்.

இன்று பல கடல்மேடைகளில் ஆளே தங்குவதில்லை. கிணற்றுத் தலையில் சென்சார்கள் இருக்கின்றன. அழுத்தம், வெப்பம், வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே எவ்வளவு வாயு செலுத்தப்படுகிறது என்பதை அவை சில விநாடிகளுக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்கள் ஒரு பெரிய கணினிக் கிடங்கில் சேரும். அறுபது கிணறு, கிணற்றுக்கு ஏழெட்டு சென்சார் என்றால் எந்த மனிதக் கண்ணாலும் பார்த்து முடிக்க முடியாது. அதனால் கணினிக்குச் சில சட்டங்களை எழுதிக் கொடுக்கிறோம்: 'இது இப்படி ஆனால் எனக்குச் சொல்.' அதுதான் உற்பத்தி எச்சரிக்கை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலை வந்தால் கடல்மேடை யாருடைய கைப்பேசிக்கும் காத்திருக்காது. அழுத்தம் எல்லை மீறினால் வால்வுகள் தாமே மூடிக்கொள்ளும். அது தனி அமைப்பு. நான் பேசுவது அதற்கு முந்திய நிலையைப் பற்றி. கிணறு மெல்ல நோயில் விழும்போது, அது படுத்துக்கொள்வதற்கு முன் ஒருவருக்குத் தெரியவேண்டுமே, அந்த எச்சரிக்கையைப் பற்றி.

மொத்த வாளி சொல்லாதது

கிணற்றுக்கு நோய் வந்தால் எண்ணெய் குறையும், உடனே தெரிந்துவிடாதா என்று நீங்கள் நினைக்கலாம். தெரியாது. ஒரு மேடையில் எட்டு, ஒன்பது கிணறுகள் இருந்தால் எல்லாவற்றின் எண்ணெயும் ஒரே குழாயில் கலந்துதான் கரைக்கு வரும். ஒவ்வொரு கிணற்றுக்கும் தனியாக நிரந்தர அளவுமானி இருப்பது எல்லா இடத்திலும் இல்லை. முறை வைத்து ஒவ்வொரு கிணறாகச் சோதனைக் கலனுக்குத் திருப்பி அளப்பார்கள். ஒரு கிணற்றின் முறை மறுபடி வர ஒரு மாதம்கூட ஆகலாம்.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். விடியும் முன் நிரைக்குப் போய்விடுவார்; வெயில் ஏறுவதற்கு முன்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக இறங்கும். ஏறக்குறைய ஐந்நூறு மரம். வெட்டி முடித்து, பிறகு மங்கு மங்காகப் பாலை எடுத்து வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போனால் கிராணி நிறுத்து எழுதுவார்.

"மொத்த வாளியை நிறுத்தா கிராணிக்கு என்ன தெரியும்?" என்றார் அம்மா. "பத்து மரம் காஞ்சு போயிருக்கும். பக்கத்துல பத்து மரம் கூட ஊத்தியிருக்கும். எடை சரியா இருக்கும். மங்கைப் பார்க்கிறவளுக்குத்தான் எந்த மரம் சாகுதுன்னு தெரியும்."

ஒன்பது கிணற்றின் மொத்தக் கணக்கும் அப்படித்தான். ஒரு கிணறு விழுந்த அதே வாரத்தில் இன்னொரு கிணற்றின் வால்வைச் சற்று அதிகம் திறந்திருப்பார்கள். மொத்தம் மாறாது. அதனால்தான் கிணற்றுத் தலையில் உள்ள அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்க்கிறோம். அவைதாம் எங்களுடைய மங்கு.

நான் எழுதிய சட்டம்

வேலையில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. எச்சரிக்கைகளை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெருமையாக இருந்தது. எந்தக் கிணற்றையும் விட்டுவிடக்கூடாது என்று நினைத்தேன். அறுபது கிணற்றுக்கும் ஒரே சட்டம் எழுதினேன்: எந்த சென்சாரின் எண்ணும் கடந்த ஒரு மணி நேரச் சராசரியைவிட 10 விழுக்காடு மாறினால் உடனே செய்தி அனுப்பு. மின்னஞ்சலுக்கு ஒன்று, கைப்பேசிக் குழுவுக்கு ஒன்று.

முதல் வாரத்திலேயே ஆயிரத்துக்கு மேல் செய்திகள். 10 பார் அழுத்தத்தில் ஓடும் கிணற்றில் 1 பார் ஆடினாலே சிவப்பு. 100 பார் அழுத்தத்தில் ஓடும் கிணற்றில் 9 பார் விழுந்தாலும் மௌனம். இயல்பாகவே மூச்சு வாங்கி மூச்சு விட்டு ஓடும் கிணறுகள் சில உண்டு. அவை மணிக்கு ஆறேழு முறை கூப்பிட்டன. பராமரிப்புக்காக மூடி வைத்த கிணறுகளும் கூப்பிட்டன. குழுவில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு திட்டினார்கள். பிறகு மௌனமானார்கள். அந்த மௌனத்தை நான் 'பழகிவிட்டார்கள்' என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் ஒவ்வொருவராக ஒலியை அணைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நானும்.

அந்தத் தீபாவளி இரவில் கூப்பிட்ட கிணறு 'கேஸ் லிஃப்ட்' முறையில் ஓடுவது. வயதான கிணற்றில் அடியிலுள்ள அழுத்தம் எண்ணெயை மேலே தள்ளப் போதாது. அதனால் வெளிக்குழாய்க்கும் உள்குழாய்க்கும் நடுவில் வாயுவைச் செலுத்துவார்கள். அது எண்ணெயோடு கலந்து பாரத்தைக் குறைக்கும். எண்ணெய் மேலே வரும். ஓட்டைப் படகைப் போல இது: நீர் இறைப்பதை நிறுத்தினால் மூழ்கிவிடும். வாயு வால்வு வழியாக விரியும்போது குளிரும். அதில் ஈரம் இருந்தால் பனிக்கட்டி போன்ற அடைப்பு உண்டாகும். அன்று நடந்தது அதுதான். அடைப்பு வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. சிவப்பு, இயல்பு, சிவப்பு. பிறகு வாயு அளவு பாதிக்குக் கீழே போய் அங்கேயே நின்றுவிட்டது.

அதன் பிறகு எச்சரிக்கை வரவில்லை. ஏன் தெரியுமா? என் சட்டம் ஒப்பிட்டது கடந்த ஒரு மணி நேரச் சராசரியோடு. பாதி அளவிலேயே ஒரு மணி நேரம் ஓடியதும், அந்தப் பாதியே சராசரி ஆகிவிட்டது. கணினியின் பார்வையில் எல்லாம் இயல்பு. வீழ்ச்சி பழகிப்போய்விட்டது.

பத்து நாள் கழித்து, முறைப்படியான சோதனைக்குத் திருப்பியபோதுதான் தெரிந்தது, கிணறு எண்ணெயே தரவில்லை என்று. குழாய் முழுவதும் கனமான திரவம் நின்றுவிட்டது. கரையிலிருந்து உயிர்ப்பிக்க முடியவில்லை. ஆள் போக வேண்டும். அதற்குள் கிழக்குக் கரையில் பருவமழை தொடங்கிவிட்டது. அலை அடங்கும்வரை படகு காத்திருந்தது. கடைசியில் இரண்டு தொழில்நுட்பர்கள், ஆடுகிற படகிலிருந்து மேடைக்குத் தாவி ஏறிச் சரிசெய்துவிட்டு வந்தார்கள். இருவரும் குடும்பஸ்தர்கள். அவர்கள் திரும்பி வந்து சேர்ந்த செய்தி கிடைக்கும்வரை நான் என் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

பணக் கணக்கு வேறு. ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன்: நாளைக்கு 300 பீப்பாய் தரும் கிணறு நின்றுபோனால், பீப்பாய் 70 அமெரிக்க டாலர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 21,000 டாலர். பத்து நாளைக்கு 210,000. ஆனால் என்னை உறுத்தியது பணம் இல்லை. அந்தச் செய்தி வந்திருந்தது. என் கையிலேயே வந்திருந்தது.

விசாரணையில் என் மேலாளர் குரலை உயர்த்தவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தச் செய்தி வந்தால் யார் என்ன செய்யவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" எங்கேயும் எழுதவில்லை.

உலகம் கொடுத்த விலை

எனக்கு மட்டும் நடந்த தவறு இல்லை இது என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. 1994 ஜூலை 24-ஆம் தேதி பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தது. திறந்திருக்கவேண்டிய ஒரு வால்வு மூடியிருந்தது. கட்டுப்பாட்டு அறையின் திரையோ அது திறந்திருப்பதாகக் காட்டியது. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு பணியாளர்களுக்கு 275 எச்சரிக்கைகள் வந்தன என்று அரசாங்க விசாரணை அறிக்கை சொல்கிறது. இரண்டரை விநாடிக்கு ஒன்று. அவற்றில் எது முக்கியம் என்று எந்த மனிதன் கண்டுபிடிப்பான்? 26 பேர் காயமடைந்தனர்.

2010 ஏப்ரல் 20-ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் மாண்டார்கள். பிறகு நடந்த விசாரணையில், மேடையின் பொது எச்சரிக்கை மணி தானாக ஒலிக்காதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்று அங்கே பணியாற்றிய தொழில்நுட்பர் சாட்சியம் சொன்னார். பொய் மணி அடித்து நள்ளிரவில் ஆட்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுதான் காரணமாம். அதைப் படித்த அன்று என் கைப்பேசியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு 1999-இல் பிரிட்டனில் 'ஈமுவா 191' என்ற வழிகாட்டி வெளிவந்தது. சாதாரண நேரத்தில் ஒரு பணியாளரால் சமாளிக்கக்கூடிய எச்சரிக்கை பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கவேண்டும் என்கிறது அது. நூறு எச்சரிக்கை இருந்தால் அவற்றில் ஐந்து மட்டுமே 'மிக அவசரம்' என்ற வகையில் இருக்கலாம், பதினைந்து நடுத்தரம், மீதி எண்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வகை. எல்லாமே அவசரம் என்றால் எதுவுமே அவசரமில்லை என்பதுதான் அதன் சாரம்.

கங்காணியின் விசில்

அந்த வருடக் கடைசியில் மறுபடி ஈப்போ போனேன். அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு தோட்டத்து இரண்டு கங்காணிகளைப் பற்றிச் சொன்னார்.

ஒருவர் பெரட்டுக்கு நிற்பதிலிருந்து மாலைவரை கத்திக்கொண்டே இருப்பாராம். கத்தி சரியில்லை, மங்கு சரியில்லை, நடை சரியில்லை. "அவரு கத்தறது காத்து அடிக்கிற மாதிரி. யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்." இன்னொருவர் பேசவே மாட்டார். ஆனால் அவர் விசில் அடித்தால் வாளியைப் போட்டுவிட்டு ஓடுவார்களாம். மின்னல், காட்டுப்பன்றி, மரம் சாய்வது, இப்படி ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். "ஒரு விசில்னா மழை, பாலை எடு. ரெண்டு விசில்னா எல்லாத்தையும் விட்டுட்டு ரோட்டுக்கு வா. அவ்வளவுதான். அவரு எங்களுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாரு."

நான் அந்த இரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பிறகு சக பொறியாளர்களோடும் கடல்மேடைப் பணியாளர்களோடும் உட்கார்ந்து எல்லாச் சட்டங்களையும் அழித்து மறுபடி எழுதினோம். இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்காக அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் செயல், பிறகுதான் எச்சரிக்கை. 'இது வந்தால் யார், எவ்வளவு நேரத்துக்குள், என்ன செய்வார்?' என்ற கேள்விக்குப் பதில் எழுத முடியாவிட்டால் அது எச்சரிக்கையாக இருக்கத் தகுதியில்லை. காலை அறிக்கையில் ஒரு வரியாக இருந்தால் போதும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக்கு மேற்பட்ட சட்டங்கள் விழுந்துவிட்டன.

ஒவ்வொரு கிணற்றுக்கும் அதனதன் எல்லை. நிதானமாக ஓடும் கிணற்றுக்குக் குறுகிய எல்லை. ஆட்டம் உள்ள கிணற்றுக்கு அகன்ற எல்லை. பழைய எண்களை எடுத்து அந்தக் கிணற்றின் இயல்பான ஆட்டம் எவ்வளவு என்று முதலில் பார்க்கவேண்டும்.

ஒப்பிடும் அளவு தானாக நகரக்கூடாது. கடைசியாகச் செய்த சரியான சோதனையின் அளவுதான் அடிப்படை. அதை மாற்ற ஒரு மனிதர் கையெழுத்திட வேண்டும். என் கிணற்றைக் கொன்றது நகரும் சராசரிதான்.

பொறுமையும் இடைவெளியும் வேண்டும். அழுத்தம் 20 பாருக்குக் கீழே போனவுடன் கூப்பிடக்கூடாது. 15 நிமிடம் தொடர்ந்து அங்கேயே இருந்தால் கூப்பிடலாம். 20-க்குக் கீழே வந்த எச்சரிக்கை 20-ஐத் தொட்டதும் அணையக்கூடாது. 22-ஐத் தாண்டினால்தான் அணையவேண்டும். இந்தச் சின்ன இடைவெளி இல்லாவிட்டால் எல்லைக்கோட்டின் மேல் ஆடும் கிணறு இரவெல்லாம் கூப்பிடும். ஆனால் ஒரு மணி நேரத்தில் பல முறை ஆடினால் அந்த ஆட்டத்தையே ஒரு தனி எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று அந்த அடைப்பு எனக்குச் சொல்ல வந்தது அதைத்தான்.

இரண்டு சாட்சிகளைக் கேட்க வேண்டும். ஆழத்திலிருந்து வரும் எண்ணெய் சூடானது. ஓட்டம் குறைந்தால் கிணற்றுத் தலை குளிரும். அழுத்தமும் விழுந்து வெப்பமும் விழுந்தால் கிணறே பலவீனமாகிறது. அழுத்தம் ஏறி வெப்பம் விழுந்தால் கிணற்றுக்கு அப்பால் ஏதோ அடைத்திருக்கிறது அல்லது வால்வு மூடியிருக்கிறது. அழுத்தம் மட்டும் தனியாகப் பூஜ்யத்துக்குப் போய், வெப்பம் அப்படியே இருந்தால் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். ஒற்றைச் சாட்சியை நம்பி ஓடக்கூடாது.

மாறாத எண்ணும் ஆபத்துதான். உயிருள்ள கிணற்றின் எண் சிறிதாவது ஆடிக்கொண்டே இருக்கும். ஆறு மணி நேரம் ஒரே எண் அசையாமல் நின்றால் சென்சார் செத்துவிட்டது அல்லது தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். பார்ப்பவருக்கு அது நல்ல செய்தியாகத் தெரிவதுதான் கொடுமை.

ஒலியை அணைத்தால் முடிவு நேரம் வேண்டும். பராமரிப்புக்காகக் கிணற்றை மூடும்போது எச்சரிக்கையை நிறுத்தி வைக்கலாம். ஆனால் யார் நிறுத்தினார், எதற்கு, எப்போது தானாகத் திரும்பும் என்ற மூன்றும் எழுதப்படவேண்டும்.

வாரம் ஒருமுறை களையெடுப்பு. அதிகமாகக் கூப்பிட்ட பத்து எச்சரிக்கைகளை மேசையில் போட்டு, ஒவ்வொன்றையும் சரிசெய்ய வேண்டும் அல்லது நீக்க வேண்டும். இதை ஒரு மாதம் விட்டால் காடு மண்டிவிடும்.

எல்லாம் முடிந்தபோது வாரத்துக்கு ஆயிரமாக இருந்தது இருபதுக்குள் வந்தது. குழுவில் மறுபடியும் பேச்சு வந்தது. "பார்த்தேன், வால்வைச் சரிசெய்துவிட்டேன்" என்று கடலிலிருந்து ஒருவர் எழுதிய முதல் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை.

குறைந்ததே பழகிப்போனால்

ஒன்று மட்டும் என்னை விடவில்லை. வீழ்ச்சி மெதுவாக வந்தால் வீழ்ச்சியே இயல்பாகிவிடுகிறதே, அது.

அம்மாவிடம் கேட்டேன், தோட்டம் மூடப்போகிறது என்று உங்களுக்கு முன்பே தெரியாதா என்று. "தெரிஞ்சிருக்கணும்" என்றார். முதலில் வயதான மரங்களுக்குப் பதில் புது ரப்பர்க் கன்று நடுவது நின்றது. பிறகு ஒரு பக்கம் செம்பனை வந்தது. பிறகு ஆள் குறைந்தது, வேலை நாள் குறைந்தது, லயத்துக் கூரை ஒழுகினால் யாரும் வந்து பார்ப்பது நின்றது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான். ஒவ்வொரு முறையும் "இந்த மாசம் இவ்வளவுதான்" என்று சரிக்கட்டிக்கொண்டார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த அன்றுதான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. அதற்குள் கையில் சேமிப்பும் இல்லை. போக இடமும் இல்லை. புந்தோங்கில் ஓர் உறவினர் வீட்டின் பின்கட்டில்தான் எங்கள் குடும்பம் முதல் இரண்டு ஆண்டு இருந்தது. அப்போது எனக்கு ஆறு வயது.

நான் பொறியாளராக இதைச் சொல்கிறேன். தோட்டத்துப் பெண்ணாகவும் சொல்கிறேன். குடும்பத்துக்கும் ஒரு நிலையான அடிப்படை அளவு வேண்டும். போன மாதத்தோடு மட்டும் ஒப்பிட்டால் எந்தச் சரிவும் சின்னதாகத்தான் தெரியும். சேமிப்பாகட்டும், பிள்ளையின் பள்ளி மதிப்பெண்ணாகட்டும், அம்மாவின் சர்க்கரை அளவாகட்டும், 'நன்றாக இருந்த காலத்தில் எவ்வளவு' என்று ஒருமுறை எழுதி வைத்து, அதோடு ஒப்பிடுங்கள்.

இளைஞர்களுக்கு இன்னொரு வார்த்தை. இந்த வேலைக்கு எண்ணெய்ப் பொறியியல் படித்தவர்கள் மட்டும் தேவைப்படுவதில்லை. சென்சார்களைப் பொருத்திச் சரிபார்க்கும் கருவித் தொழில்நுட்பர்கள், மின்னியல் படித்தவர்கள், தரவுக் கிடங்கிலிருந்து எண்களை எடுக்கத் தெரிந்தவர்கள், பைத்தான் போன்ற கணினி மொழியில் சட்டங்களை எழுதத் தெரிந்தவர்கள் என எல்லாருக்கும் இடம் உண்டு. டிப்ளோமா படித்துவிட்டு வந்து, பட்டதாரிகளான எங்களுக்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர்களை நான் கடல்மேடையில் பார்த்திருக்கிறேன். கணக்கும் பௌதிகமும் பயமில்லாமல் படியுங்கள். அதோடு, எண்ணுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்பதையும் மறக்காதீர்கள். அவரை எழுப்பும்போது காரணம் இருக்கவேண்டும்.

போன மாதம் ஈப்போ போயிருந்தபோது அம்மாவின் கைப்பேசியைப் பார்த்தேன். மருந்து சாப்பிட நான் வைத்துக் கொடுத்திருந்த ஐந்து அலாரங்களில் நான்கை அணைத்து வைத்திருந்தார். கோபம் வந்தது. "ஏம்மா?" என்றேன்.

"காலை மருந்து காப்பியோட ஞாபகம் வந்திரும். ராத்திரி மருந்து உங்க அப்பா படத்துக்கு விளக்கு வைக்கும்போது ஞாபகம் வந்திரும். மத்தியானம்தான் மறந்து போகுது. அதனால மத்தியானத்து மணியை மட்டும் வெச்சுக்கிட்டேன்" என்றார். மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

அன்றிரவு அதே கூடத்தில், அதே பாயில் படுத்தேன். கைப்பேசியின் ஒலியைத் திறந்தே வைத்திருந்தேன். விளக்கை அணைக்க வந்த அம்மா கேட்டார்: "உன் கிணறெல்லாம் நல்லா இருக்கா?"

"கூப்பிடலைம்மா" என்றேன்.

"கூப்பிட்டா எழுந்திரு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.